பஞ்சுச் செடியில் பொத்தான்

தலையணைக்கும் வாய் உண்டு. அதில் தலை வைத்துத் தூங்குகிறவர்களுக்கு இது தெரியாது, செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். உறையை மூன்று பக்கமும் மெஷினில் அடித்துவிட்டு, நாலாவது பக்கத்தில் ஒரு சாண் அகலம் திறந்து விடுவார்கள். அதற்குப் பெயர் வாய். அந்த வாய் வழியாகப் பஞ்சை ஊட்டி, வயிறு நிறைந்ததும் கையால் தைத்து மூடுவார்கள். மெத்தைக் கடைக்குப் பின்னாலிருந்த பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக அந்த வாய்களை மூடிக்கொண்டிருந்தவளுக்கு, வாய்த்தையல் என்றே பெயர் விழுந்துவிட்டது.

பெயர் வைத்தவள் அதே பட்டறையில் துணி வெட்டுகிறவள். அவளுக்கு வாய்த்தையல் பதிலுக்கு வைத்த பெயர் கத்திரி. கையில் இருக்கிற கத்திரியைவிட நாக்கில் இருக்கிற கத்திரி கூர்மை என்பதால்.

"ஊர்ல இருக்கிற தலையணை வாயெல்லாம் தைக்கிறா. தன் வாயைத் தைக்கத்தான் ஊசி கிடைக்கல" என்று கத்திரி வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவாள்.

பொய்யில்லை. வாய்த்தையல் காலையில் பட்டறைக்குள் நுழையும்போதே பேச்சும் கூட நுழையும். பஸ்ஸில் யார் யார் காலை மிதித்தார்கள், அடுத்த வீட்டுக் குழாய் எத்தனை நாளாக ஒழுகுகிறது, நேற்று வாங்கிய வெங்காயத்தில் எத்தனை அழுகல் என்று ஒன்று விடாமல் வரும். வளைந்த ஊசியில் மெழுகு நூலைக் கோத்துக்கொண்டு ஜன்னலோரப் பலகையில் உட்கார்ந்தால் வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. அவள் போட்ட தையல் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் கிடைக்காது.

அவளிடம் இரண்டு பழக்கம் இருந்தது. ஒன்று, தைப்பதற்கு முன் மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு, நாலு மூலைக்கும் பஞ்சு போயிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். மற்றது, கையை வெளியே எடுத்ததும் தலையணை வாய்க்கிட்டே தன் வாயைக் கொண்டுபோய், "ஆண்டவனே, இதுல படுக்கிறவங்க நல்லாத் தூங்கட்டும்" என்று மெதுவாகச் சொல்லுவாள். சொன்ன பிறகுதான் ஊசி இறங்கும். அவள் நாள் முழுக்கப் பேசுகிற பேச்சில் மெதுவாகப் பேசுவது அந்த ஒரு வாக்கியம்தான்.

முதலாளி ஒருமுறை, "இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஓதிக்கிட்டிருந்தா நாள்ல ரெண்டு தலையணை குறையுதேக்கா" என்றார்.

"குறையட்டும் முதலாளி. கடைசியா உள்ளே பாக்கிறது நான்தானே? எனக்கப்புறம் அதுக்குள்ளே யார் பாக்கப் போறா?" என்றாள்.

முதலாளி அவளைவிட அஞ்சாறு வயது சின்னவர். கெட்டவர் இல்லை. காய்ச்சல் என்றால் லீவு கொடுப்பார், மறுநாள் மாத்திரையும் கொடுத்து அனுப்புவார். ஒரு சின்னக் குறை, தான் பேசுவது தன் காதுக்கே இனிமையாக இருக்கும் அவருக்கு. பேச ஆரம்பித்தால் ரோட்டில் போகிறவரையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்.

அப்படிப்பட்டவருக்கு வணிகர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒருநாள் வகுப்பு, தலைப்பு 'வியாபாரமும் அறமும்'. மதியச் சாப்பாடு உண்டு, சட்டம் போட்ட சர்டிபிகேட் உண்டு. இதற்காக எல்லாம் முதலாளி போயிருக்க மாட்டார். எதிர்த் தெரு மெத்தைக்கடைக்காரர் போகிறார் என்று தெரிந்தது, அதனால் போனார்.

மறுநாள் காலையில் பட்டறைச் சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கடிகாரத்துக்குக் கீழே ஒரு பலகையை மாட்டிக்கொண்டிருந்தார். நீல எழுத்தில் மூன்று கேள்விகள்.

இதனால் நிறையப் பேருக்கு நன்மை உண்டா?

இதையே எல்லாரும் செய்தால் சரிப்படுமா?

இதைச் செய்தபின் நான் எப்படிப்பட்ட ஆளாக இருப்பேன்?

"எல்லாரும் வேலையை நிறுத்திட்டு இங்க பாருங்க" என்றார். வேலையை நிறுத்தச் சொல்லி அவர் வாயால் யாரும் கேட்டதில்லை என்பதால் எல்லாரும் பார்த்தார்கள். "மூணு பெரிய யோசனைக்காரங்க. வேற வேற காலம், வேற வேற ஊரு. ஒருத்தர் சொல்றார், எதைச் செஞ்சாலும் நிறைய பேருக்கு நல்லதான்னு பாருன்னு. இன்னொருத்தர், அதெல்லாம் கணக்கே இல்ல, எல்லாரும் அதையே செஞ்சா உலகம் நிக்குமான்னு பாருங்கிறார். மூணாமவர், செய்யற காரியத்தை விடு, செய்யற ஆளைப் பாருங்கிறார்."

"மூணு பேரும் கூடிப் பேசிச் சொன்னதா?" என்று கேட்டாள் கத்திரி.

"எங்க? மூணு பேர் சொல்றதும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்காதுன்னு வாத்தியாரே சொல்லிட்டார்."

"ஒத்துக்காதவங்களை எதுக்கு முதலாளி ஒரே பலகையில மாட்டுறீங்க? ராத்திரி சண்டை போட்டுக்கப் போறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்துவிட்டு, வருகிற வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி பலகையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார். அவரைப் பொறுத்தவரை பலகையின் வேலை அங்கே தொடங்கி அங்கேயே முடிந்தது.

வாய்த்தையல் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் படித்ததை விடமாட்டாள். அன்று வேலை முடியும் வரை ஒவ்வொரு தலையணைக்கும் ஒருமுறை தலையைத் தூக்கி அந்த மூன்று வரியையும் படித்தாள். கிளம்புவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது. அதிலிருந்துதான் வீட்டில் வினை தொடங்கியது.

அவள் புருஷன் சவரக்கடைக்காரர். இரண்டே நாற்காலி உள்ள கடை. வேலை முடிந்து அவள் அந்தக் கடைக்குப் போய் ஓரத்து ஸ்டூலில் உட்காருவாள். அவர் கடைசி ஆளை முடித்து அனுப்பியதும் இரண்டு பேருமாக வீட்டுக்கு நடப்பார்கள். அவர் பேசாத ஆள். வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே முப்பது வருஷம் ஓட்டியவர், வீட்டிலும் அதே தொழிலைத் தொடர்ந்தார்.

"ஏங்க, இப்ப ஒரு வழுக்கைத் தலைக்காரர் போனாரே. அவர்கிட்டயும் முழுக் கூலியா வாங்கினீங்க?"

"ஆமா."

"பாதித் தலைதானே இருந்துச்சு? எல்லாரும் இப்படி வாங்கினா சரிப்படுமா?"

அவர் கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார். "முடியை வெட்டறதுக்கு இல்லம்மா. தேடி வெட்டறதுக்குக் கூலி" என்றார்.

அதோடு விட்டாளா? அடுத்த வீட்டுக்காரி பாடுவது நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய்யா, நன்மையா? பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு முந்துகிறவள் எப்படிப்பட்ட ஆளாக ஆவாள்? ஒரு வாரம் அந்த மனுஷன் சோற்றோடு கேள்வியையும் சேர்த்துச் சாப்பிட்டார். "உங்க முதலாளிக்குச் சாப்பாடு போட்டுக் கெடுத்தாங்க. என்னைச் சாப்பிட விடாம கெடுக்கிறே" என்று மட்டும் ஒருநாள் சொன்னார். அவர் அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு.

அந்த வாரக் கடைசியில் முந்நூறு தலையணைக்கு ஆர்டர் வந்தது. பக்கத்துப் பெரிய தெருவில் ஒரு தங்கும் விடுதி புதிதாக ஒரு மாடி எழுப்பியிருந்தது. பத்து நாளில் வேண்டும். மூன்று மாதமாகப் பட்டறையில் அரைநாள் வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. கத்திரி வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான், அரைநாள் வேலையில் அவள் நாக்கின் கூர்கூட மழுங்கிப்போயிருந்தது. ஆர்டர் வந்த அன்று மறுபடி தீட்டிக்கொண்டு வந்தாள்.

"விடுதிக்காரங்க நம்ம தலையணையில படுத்துப் பழகிட்டா அடுத்த மாடிக்கும் நாமதான்" என்றார் முதலாளி. லேபிளும் அச்சடித்து வந்துவிட்டது. பளபளவென்று பச்சை எழுத்து, 'முழுக்க முழுக்கப் புதுப் பஞ்சு'.

எல்லாம் வந்தது. பஞ்சு மட்டும் வரவில்லை. மண்டிக்காரர் இருபது நாள் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்.

முதலாளி ஒரு பகல் முழுக்க யோசித்தார். மறுநாள் பட்டறைப் பெண்கள் வீட்டுக்குப் போனதும், கூலியாட்களிடம் கடைக்குப் பின்னால் அடைந்து கிடந்த பழைய மெத்தைகளின் வயிற்றைக் கிழிக்கச் சொன்னார். புது மெத்தை வாங்கும்போது ஜனங்கள் கொடுத்துவிட்டுப் போனவை. அந்தப் பஞ்சை மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காயப் போட்டு, பஞ்சடிக்கும் மெஷினில் இரண்டு தரம் அடித்ததும் மேகத்தைப் பிடித்துக் கொண்டுவந்து கொட்டிய மாதிரி வெள்ளையாகக் குவிந்துவிட்டது. பார்த்தால் யாருக்கும் தெரியாது.

தொட்டால் ஒருத்திக்குத் தெரியும்.

வாய்த்தையல் முதல் தலையணைக்குள் கையை விட்டாள். புதுப் பஞ்சு கையைத் திருப்பித் தள்ளும், 'யார் நீ' என்கிற மாதிரி. இது தள்ளவில்லை. 'வந்துட்டியா' என்று பிடித்துக்கொண்டது. சரி, அசதியாக இருக்கிறது பஞ்சு என்று நினைத்துக்கொண்டாள். எட்டாவது தலையணையில், மூலையில், விரலில் ஏதோ சில்லென்று தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தாள். சட்டைப் பொத்தான். பழுப்பு நிறம், நாலு கண். ஒரு கண்ணில் பாதி நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷினின் பல்லுக்கே தப்பி வந்த பொத்தான்.

அதைப் பலகைமேல் வைத்துவிட்டு, வழக்கம்போல் குனிந்து, "ஆண்டவனே, இதுல படுக்கிறவங்க" என்று ஆரம்பித்தாள். மூக்குக்கு நேரே லேபிள். முழுக்க முழுக்கப் புதுப் பஞ்சு. மீதி வார்த்தை வரவில்லை. பொய்யை மேலே ஒட்டிவிட்டு, கடவுள் பேரை உள்ளே வைத்துத் தைப்பதா என்று இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தலையணை திறந்த வாயோடு அவள் மடியில் கிடந்தது, அவளும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

கத்திரிதான் முதலில் கவனித்தாள். "என்னக்கா, உடம்புக்கு ஆகலையா? சத்தமே காணோம்."

வாய்த்தையல் பொத்தானை எடுத்துக்கொண்டு எழுந்து முதலாளியின் மேஜைக்குப் போனாள்.

"முதலாளி, ஒரு சந்தேகம். பஞ்சுச் செடியில பொத்தான் காய்க்குமா?"

அவர் பொத்தானைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "மெதுவாப் பேசுக்கா."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க முந்நூறு தலையணையில மெத்தைக்கடையையே மறைக்கிறீங்களே?"

"அழுக்கா இருக்கா பஞ்சு?"

"இல்ல. சுத்தமாத்தான் இருக்கு."

"குத்துதா?"

"இல்ல. மெத்துனுதான் இருக்கு."

"அப்புறம் என்னக்கா? நீதான் தினமும் பலகையைப் படிக்கிறியே, வா, படிச்சே பாத்துடலாம்." முதலாளிக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் பொத்தான்கூட மறந்துபோனது. "முதல் கேள்வி. நிறையப் பேருக்கு நன்மை உண்டா? உனக்கு முழுநாள் வேலை, கத்திரிக்கு முழுநாள் வேலை, விடுதிக்கு நேரத்துக்குத் தலையணை, படுக்கிறவனுக்குத் தூக்கம். யாருக்கு நஷ்டம், சொல்லு? ரெண்டாவது கேள்வி. எல்லாரும் இதையே செஞ்சா சரிப்படுமா? ஏற்கனவே எல்லாரும் இதைத்தான் செய்றாங்க, உலகம் நின்னுக்கிட்டுத்தானே இருக்கு?"

"மூணாவது?"

"மூணாவது, இதைச் செஞ்சபின் நான் எப்படிப்பட்ட ஆளா இருப்பேன்? அப்பவும் தலையணை வியாபாரியாத்தான் இருப்பேன். செய்யலைன்னா அதுவும் இருக்க மாட்டேன்."

மூன்று கேள்விக்கும் மூன்று விரலை மடக்கிவிட்டு அவர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் வாய்த்தையலுக்குச் சரியாகத்தான் பட்டது. எல்லாம் சரியாக இருந்தும் கையில் பொத்தான் இருந்தது. அதற்கு எந்தக் கேள்வியில் இடம் என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டு திரும்பினாள். அன்று முழுவதும் மூலை தடவினாள், பஞ்சு திணித்தாள், ஏற்கனவே மூடிய ஏழு வாயையும் பிரித்து வைத்தாள், தைக்க மட்டும் செய்யவில்லை. கேட்டவர்களிடம் நூல் சரியில்லை என்று ஒரு பொய் சொன்னாள். அது வேறு உறுத்தியது.

சாயங்காலம் சவரக்கடை ஸ்டூலில் உட்கார்ந்து புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர் இருந்தார், அவருக்கும் சேர்த்தே சொன்னாள். புருஷன் கேட்டுக்கொண்டே வேலையை முடித்தார். முடித்ததும் கைக்கண்ணாடியை எடுத்து வாடிக்கையாளரின் பின்னந்தலைக்குப் பிடித்தார். அந்த ஆள் முன்கண்ணாடியில் அதைப் பார்த்து, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம் எடுங்க" என்றார். எடுத்தார். மறுபடி காட்டினார். "இப்ப வலது பக்கம்." அதையும் எடுத்தார். ஒருவழியாக அந்த ஆள் போனார்.

"இந்தக் கண்ணாடியை எதுக்குத்தான் காட்டுறீங்களோ? காட்டலைன்னா பேசாம எந்திரிச்சுப் போயிருப்பார். பின்னாடி எப்படி இருந்தா அவருக்கென்ன தெரியப்போகுது?" என்றாள் அவள், நடக்க நேரமாகிறதே என்கிற எரிச்சலில்.

"தெரியாதுன்னுதாம்மா காட்டறது" என்றார் அவர். "முன்பக்கத்தை அவரே பாத்துக்குவார்."

சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தார். அவர் உபதேசம் எல்லாம் செய்யவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். வாய்த்தையல்தான் பாதி வழி வரைக்கும் பேசாமல் வந்தாள். அவருக்கே பயமாகிவிட்டது. "ஏம்மா, நான் எதுவும் தப்பாச் சொல்லலையே?" என்று இரண்டு தரம் கேட்டார்.

மறுநாள் அவள் நூலைக் குறை சொல்லவில்லை. நேராக முதலாளியிடம் போனாள்.

"முதலாளி, பஞ்சு திணிக்கிறேன், மூலை தள்ளுறேன், தட்டிக் கொடுக்கிறேன். வாய் மட்டும் தைக்க மாட்டேன். லேபிளை மாத்துங்க, ஒரே நாள்ல முந்நூறையும் தைச்சுத் தர்றேன்."

"லேபிளை மாத்தினா ஆர்டர் போயிடும்க்கா."

"போகலாம். போகாமலும் இருக்கலாம். கேட்டாத்தானே தெரியும்?"

"கேட்டுட்டுப் போயிட்டா?"

"உங்க பலகைக்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்பு பத்தாது முதலாளி. எனக்கு வேலை போனாலும் சரி. அந்த வாய்க்கிட்டே குனிஞ்சா எனக்குப் பேச்சு வரல. அவ்வளவுதான்" என்றாள்.

முதலாளி கத்திரியைத் தைக்கச் சொன்னார். கத்திரிக்கு வெட்டத் தெரியும், ஒட்டத் தெரியாது. அவள் தைத்த இரண்டு தலையணையும் இழுத்துப் பிடித்த உதடு மாதிரி கோணிக்கொண்டு, பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது. முதலாளியே ஊசியை வாங்கி ஒன்று தைத்தார். அதைப் பற்றி எழுதாமல் விடுவதுதான் மரியாதை. மூன்றையும் பிரித்துப் போட்டார்கள்.

கத்திரிக்குக் கோபம் வந்தது. "உனக்கென்னக்கா, வீட்டுல ஒருத்தர் சம்பாதிக்கிறார். நீ பேச்சு வரலைன்னு உக்காந்துக்கலாம். ஆர்டர் போனா நான் எங்க போய் உக்காருவேன்? அந்த முதல் கேள்வியில எனக்கு இடம் இல்லையா?"

வாய்த்தையலுக்கு முகம் விழுந்துவிட்டது. முதலாளி கேட்டபோது வராத வலி கத்திரி கேட்டபோது வந்தது. "இருக்குடி. உன்னை நெனைச்சுத்தான் நேத்து முழுக்கத் தள்ளிப்போட்டேன்" என்றாள். கத்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு நாளில் முந்நூறு தலையணையும் பட்டறையில் சுவர் சுவராக அடுக்கப்பட்டு, அத்தனையும் 'ஆ'வென்று வாயைப் பிளந்துகொண்டு நின்றன. உள்ளே நுழைந்தால், கதை கேட்க வந்த கூட்டம் மாதிரி இருந்தது.

அப்போதுதான், சொல்லாமல் கொள்ளாமல், விடுதி மேனேஜர் வந்து நின்றார். கண்ணாடி போட்ட, நிதானமான ஒரு அம்மா. இந்தப் பக்கம் வந்தேன், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார்.

முதலாளி ஓடிவந்தார். நாற்காலி போடுகிற சாக்கில் வாய்த்தையல் பக்கம் குனிந்து, "அக்கா, கையெடுத்துக் கும்பிடறேன். இந்த ஒருதரம் உன் வாயைத் தைச்சுக்கிட்டு இரு" என்றார்.

"நான் பேச மாட்டேன் முதலாளி" என்றாள் அவள். "சொல்ல வேண்டியது நீங்கதான். உங்களைக் காட்டிக்கொடுக்க நான் யாரு?" சொன்னபடியே ஊசியை மடியில் வைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடி உட்கார்ந்தாள். கத்திரி கையில் கத்திரியோடு நின்றுவிட்டாள்.

மேனேஜர் அம்மா தலையணைகளைப் பார்த்தார். "இன்னும் தைக்கலையா?"

"கடைசியில ஒரே மூச்சாத் தைப்போம் மேடம். எங்க பட்டறை வழக்கம் அது" என்றார் முதலாளி.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு, திரும்புகிற வழியில் சுவர்ப் பலகையைப் பார்த்து நின்றுவிட்டார். மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தார். "ரொம்ப நல்லா இருக்கே. யார் யோசனை இது?"

அங்கேதான் வந்தது வினை. அந்த ஒரு பாராட்டை வாங்கிக்கொண்டு, "நன்றி மேடம்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஆனால் இத்தனை நாளில் பலகையைப் பற்றி மரியாதையாகக் கேட்ட முதல் ஆள் அவர். முதலாளியின் முகம் மலர்ந்துவிட்டது.

"என் யோசனைதான் மேடம். வகுப்புக்குப் போயிருந்தேன். மூணு பெரிய யோசனைக்காரங்க..." என்று தொடங்கி, மூன்று பேரையும் மூன்று விரலாக நிறுத்தினார்.

"இதெல்லாம் படிக்க நல்லா இருக்கு. தொழில்ல நடக்குமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நடக்கும் மேடம். உதாரணம் சொன்னாச் சட்டுனு புரியும்." முதலாளி கைக்கு எட்டிய தலையணையை எடுத்துக்கொண்டார். "இந்தத் தலையணையையே எடுத்துக்குங்க. இப்ப இதுக்குள்ள பழைய மெத்தைப் பஞ்சை அடிச்சுப் போட்டிருக்கோம்னு வைங்க. நல்ல பஞ்சுதான். ஆனா மேலே புதுசுன்னு லேபிள் ஒட்டினா முதல் ஆள் என்ன சொல்லுவார், யாருக்கும் நஷ்டம் இல்லையே, ஒட்டும்பார். ரெண்டாமவர் என்ன சொல்லுவார்..."

அங்கே நின்றார். கையில் தலையணை. தலையணையில் லேபிள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், தவளைக்காவது மழை வர வேண்டும்.

மேனேஜர் அம்மா அந்தத் தலையணையை வாங்கி, திறந்த வாய்க்குள் மெதுவாகக் கையை விட்டார். தடவினார். எடுத்தார். "வைங்கன்னு சொன்னீங்களே, ஏற்கனவே வச்சது எத்தனை தலையணையில?" என்று கேட்டார்.

முதலாளி பலகையைப் பார்த்தார். பலகை உதவிக்கு வரவில்லை. வாய்த்தையலைப் பார்த்தார். அவள் இரண்டு உதட்டையும் கடித்துக்கொண்டிருந்தாள், கண் மட்டும் 'சொல்லிடுங்க' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

"முந்நூறும் மேடம்" என்றார் அவர், ரொம்பச் சின்னக் குரலில். "புதுப் பஞ்சு வர இருபது நாள் ஆகுமாம். நாள் தவறினா ஆர்டர் போயிடும்னு பயந்துட்டேன். பஞ்சு சுத்தம். நான் வேணும்னா இப்பவே இதுல தலை வச்சுப் படுத்துக் காட்டறேன். லேபிள்தான் பொய்."

படுத்துக் காட்ட வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். தலையணையை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "விருந்தாளிங்க அறைக்குப் புதுப் பஞ்சுன்னு விளம்பரமே போட்டாச்சு. அதுக்கு இது ஆகாது. பாதியை ரத்து பண்றேன், புதுப் பஞ்சு வந்த பிறகு பாத்துக்கலாம், அப்பவும் நிச்சயம்னு சொல்ல மாட்டேன். மீதிப் பாதியை, இது என்னன்னு எழுதிக் கொடுத்தா, எங்க வேலையாட்கள் தங்கற அறைக்கு எடுத்துக்கறேன்" என்றார்.

முதலாளிக்குப் பாதி உயிர் வந்தது. கத்திரி மூச்சு விட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் இத்தனை நேரம் மூடியிருந்த வாய் அதற்குமேல் தாங்கவில்லை.

"அம்மா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. வேலை செய்யறவங்க தலைன்னா மட்டும் பழசு போதுமா?"

"அக்கா" என்றார் முதலாளி. அந்த ஒரு சொல்லில் ஒரு மனுஷனின் மொத்த மன்றாட்டும் இருந்தது.

மேனேஜர் அம்மாவுக்கு முகம் சிவந்தது. கோபமா, வெட்கமா, தெரியவில்லை. "இப்ப அவங்களுக்கு இருக்கிற தலையணையைப் பாத்தா நீங்க இப்படிக் கேக்க மாட்டீங்க" என்றார். அப்புறம் அதுவும் அவ்வளவு பெருமையான பதில் இல்லை என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "கேட்டுட்டே எடுத்துக்கறேன். வேண்டாம்னு சொன்னா விட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஆள் மூலம், அவர்களுக்கு வேண்டுமாம் என்று சொல்லியனுப்பினார்.

நூற்றைம்பது போனது நஷ்டம்தான். புதுப் பஞ்சு வரும் வரை மறுபடி அரைநாள் வேலை. கத்திரி மூன்று நாள் வாய்த்தையலோடு பேசவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பதால் விஷயம் எதிர்த் தெருக் கடைக்குப் போய், அவர் ஒருவாரம் சிரித்தார். சிரித்தவர் தன் கடையில் இருந்த லேபிள்களை எடுத்து உள்ளே வைத்தார் என்று ஒரு பேச்சு, அதைப் பார்த்தவர் யாருமில்லை. நாலாவது நாள் காலையில் வந்து பார்த்தால், பலகையின் மூன்றாவது கேள்விக்குக் கீழே சாக்கட்டியால் நாலாவதாக ஒன்று எழுதியிருந்தது. 'உள்ளே பொத்தான் இருக்கா?' கையெழுத்து யாருடையது என்று சந்தேகமே இல்லை, வெட்டுக்குக் கோடு போடுகிற சாக்கட்டி அது. கத்திரி ஒன்றும் தெரியாதவள் மாதிரி துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சமாதானம் ஆகிவிட்டது என்று வாய்த்தையல் புரிந்துகொண்டாள். முதலாளி அதை அழிக்கச் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கு அதையும் விளக்குவதற்கு அவருக்கு ஒரு உதாரணம் கிடைத்துவிட்டதே.

புது லேபிளை முதலாளியே பேனாவால் எழுதினார். 'வெயிலில் காய்த்து அடித்த பழைய பஞ்சு'. காய வைத்து என்று எழுதுவதற்குக் காய்த்து என்று எழுதியிருந்தார். பொத்தான் காய்த்ததுதானே, இருக்கட்டும் என்று யாரும் திருத்தவில்லை.

வாய்த்தையல் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து முதல் தலையணையை மடியில் வைத்தாள். கை விட்டு மூலை தடவினாள். பஞ்சு பழையபடி கையைப் பிடித்துக்கொண்டது. யார் யாரோ எத்தனையோ வருஷம் தலை வைத்துப் படுத்த பஞ்சு, யாருடைய சட்டையிலோ இருந்த பொத்தானை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்த பஞ்சு. குனிந்து அதன் வாய்க்கிட்டே வாயை வைத்தாள். பேச்சு வந்தது.

"ஆண்டவனே, இதுல படுக்கிறவங்க நல்லாத் தூங்கட்டும்" என்றாள். ஊசியை எடுத்தவள் ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்து, "முன்னாடி படுத்தவங்களும்" என்று சேர்த்துக்கொண்டாள்.